மூன்றாவது குரல்

மார்வா லிபர்ட்டின் குரலைக் கேட்காதவர்கள் இங்கிலாந்தில் இருக்க முடியாது. கேட்டதாகச் சொல்லக்கூடியவர்களும் இருக்க முடியாது. சூப்பர் மார்க்கெட்டில், பல் டாக்டரிடம் காத்திருக்கும் அறையில், கல்யாண விருந்தில் மாமாக்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஆடும் நேரத்தில், எங்கேயாவது டைனா ஃப்ரெய்னின் ‘கடைசி பஸ் போகுமுன்’ ஓடிக்கொண்டுதான் இருக்கும். டைனா பாடுவாள். அவளுக்குப் பின்னால் மூன்று பெண்கள் ‘ஊ’ என்றும் ‘ஆ’ என்றும் இழுப்பார்கள். அந்த மூவரில் ஒருத்தி மார்வா. எந்த ஒருத்தி என்று கேட்டால், பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

போன மாதம்கூட, லண்டனில் கேட்ஃபர்டில், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்து அது வந்தது. அறுபது வயதாகிறது, முழங்காலில் வலி, கையில் துணிப்பை. ஆனாலும் தன் இடம் வரும்வரை மார்வா அசையாமல் நின்றாள். இடம் வந்தது, போனது. பக்கத்தில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணும் கூடவே முனகினாள். முனகியது டைனாவின் மெட்டை. எல்லாரும் அதைத்தான் முனகுவார்கள். இதில் பின்னால் வருவது நான்தான் என்று அவளிடம் சொன்னால் என்ன ஆகும் என்று மார்வா யோசித்துப் பார்த்தாள். பாவம் கிழவி, வீட்டில் பேச ஆளில்லை போலிருக்கிறது என்று நினைப்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மார்வா வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் பிறந்தது லீட்ஸ் நகரத்தில், சேப்பல்டவுனில். அப்பாவும் அம்மாவும் நெவிஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் ஆல்தியாவுக்கு வெண்கலக் குரல். சர்ச்சில் அவள் எழுந்து நின்றாலே பெரியவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். சின்னவள் மார்வா பக்கத்தில் நின்று, அக்காவின் குரலுக்கு அடியில் தன் குரலைக் கொடுத்துப் பழகினாள். யாரும் சொல்லித் தரவில்லை. அக்கா மெட்டைப் பிடித்துக்கொண்டால் தங்கைக்கு மிஞ்சுவது அதுதானே. பத்தொன்பது வயதில், லண்டனுக்குப் போய்ப் பெரிய பாட்டுக்காரர்களுக்குப் பின்பாட்டுப் பாடப் போகிறேன் என்று மார்வா சொன்னபோது அம்மா அழுதாள். ஆல்தியா அழவில்லை.

“போ. ஆனா அந்தப் பாட்டையெல்லாம் கேக்க என்னைக் கூப்பிடாதே. என் காதைக் கர்த்தருக்குக் குடுத்தாச்சு” என்றாள்.

சொன்ன சொல்லில் நின்றாள். நாற்பத்தோரு வருடத்தில் தங்கையின் ஒரு நிகழ்ச்சிக்கும் அவள் வந்ததில்லை. பிறந்த நாளுக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு பைபிள் வசனம் எழுதிய ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான் போக்குவரத்து.

லண்டனில் வேலைக்குப் பஞ்சமில்லை. குழம்புப் பொடி விளம்பரத்தில் “ம்ம்ம்” என்று பாடியவள் மார்வாதான். பற்பசைக்கு “பளிச்”. தொலைக்காட்சியில் சனிக்கிழமை நிகழ்ச்சிகளில் யார் யாருக்கோ பின்னால் கறுப்பு உடுப்பில் இடமும் வலமும் இரண்டு அடி வைத்து ஆடினாள். அந்தத் தொழிலுக்கென்று சில சட்டங்கள் உண்டு. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. ஒருத்தி எடுக்கும்போது மற்ற இருவரும் தாங்க வேண்டும், கேட்பவனுக்கு ஓட்டை தெரியக் கூடாது. வார்த்தையின் கடைசி ‘ஸ்’ஸை ஒருத்திதான் சொல்ல வேண்டும், மூன்று பேரும் சொன்னால் பாம்பு சீறும். முன்னால் நிற்பவள் ‘ஆ’வை எவ்வளவு அகலமாகத் திறக்கிறாளோ அவ்வளவுதான் பின்னால் இருப்பவளும் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கண்ணை முன்னால் நிற்பவளின் தோள்பட்டையிலிருந்து எடுக்கவே கூடாது. தோள் உயர்ந்தால் மூச்சு. மூச்சு எடுத்தால் அடுத்த கணம் பாட்டு. இதெல்லாம் மார்வாவுக்குக் கைவந்த கலை. அவளுடைய குரல் எந்தக் குரலோடும் கரைந்துவிடும். அதற்காகத்தான் எல்லாரும் அவளைத் தேடி வந்தார்கள்.

எண்பத்தேழில் டைனா ஃப்ரெய்ன் வந்தாள். பார்ன்ஸ்லி சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண். மஞ்சள் முடி, கட்டைக் குரல், கறுப்பர்களின் சோல் இசை அப்படியே வரும். ‘கடைசி பஸ்’ஸைப் பதிவு செய்த அன்று மார்வாவுக்குக் கொடுத்த தாளில் ‘மூன்றாவது குரல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டாவது சரணத்தில் எல்லாக் குரல்களும் படிப்படியாக மேலே ஏற வேண்டும். மார்வாவும் ஏறத்தான் போனாள். ஆனால் டைனா அந்த வரியைப் பாடியதைக் கேட்டதும், ஏனோ, அவள் தொண்டை கீழே இறங்கியது. மூன்று சுரம், மெதுவாக. டேப் நின்றது.

“யாரு அது கீழ போனது?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர் கேட்டார்.

மார்வா தாளைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“யாரா இருந்தா என்ன. அப்படியே பாடுங்க, நல்லா இருக்கு” என்றார் அவர். யார் என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. பாட்டு வெளிவந்து ஊர் உலகமெல்லாம் ஓடியது. அந்த இடம் வரும்போது எல்லாருக்கும் புல்லரிக்கும். டைனா பிரமாதம் என்பார்கள்.

பிறகு முப்பத்தோரு வருடம் டைனாவின் தோள்பட்டைக்குப் பின்னாலேயே போயிற்று. மற்ற இரண்டு பெண்கள் வந்தார்கள், போனார்கள். பிள்ளை பெற்றார்கள், ஸ்பெயினில் வீடு வாங்கினார்கள். மார்வா மட்டும் அப்படியே நின்றாள். லாய்ட் என்ற பாஸ் கிட்டார்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் வேறொரு குழுவோடு சுற்றினான், இவள் இந்தக் குழுவோடு. ஏழு வருடத் தாம்பத்தியத்தில் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. கடைசியில் அவன் கோபன்ஹேகனில் ஒரு டென்மார்க்காரியோடு இறங்கிக்கொண்டான். சண்டைகூட வரவில்லை. சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் ஒரே ஊரில் இருக்க வேண்டுமே.

டைனா கெட்டவள் இல்லை. போகிற வருகிற இடத்தில் “நல்லா இருக்கியா செல்லம்” என்பாள். ஆனால் அவளுக்குத் தனிக் கார், தனி ஓட்டல். மேடையில் கடைசிப் பாட்டுக்கு முன் குழுவை அறிமுகம் செய்வாள். டிரம்ஸ் இன்னார், பியானோ கோர்டன், கிட்டார் இன்னார் என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டு, “அப்புறம் என்னோட அழகான பொண்ணுங்க!” என்று கையை வீசுவாள். ஒரே ஒரு முறை, கிளாஸ்கோவில், என்ன தோன்றியதோ, தனித்தனியாகப் பெயர் சொன்னாள். மார்வாவை மார்த்தா என்றாள். டைனாவுக்கு ஜலதோஷம் பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே மூச்சின் சத்தத்தை வைத்து மார்வா கண்டுபிடித்துவிடுவாள். அவ்வளவு தெரிந்தவளுக்கு டைனாவின் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரியாது.

போன ஜனவரியில் டைனா இறந்துபோனாள். மார்வாவுக்கு ரேடியோதான் சொன்னது.

ஏப்ரலில் ஆக்ராய்ட் என்பவர் லீட்ஸிலிருந்து கூப்பிட்டார். நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்கிறவர். டவுன் ஹாலில் டைனாவுக்கு அஞ்சலி நிகழ்ச்சி. பல பேர் பல பாட்டுகள் பாடுவார்கள். ஆனால் ‘கடைசி பஸ்’ஸை மார்வா பாட வேண்டும்.

“பின்னாடி யார் யாரு?” என்று வழக்கம்போலக் கேட்டாள் மார்வா.

“பின்னாடிக்கு மியூசிக் காலேஜ் பொண்ணுங்க மூணு பேர் இருக்காங்க. நீங்க முன்னாடிம்மா. தனியா. போஸ்டர்ல உங்க பேர் போடறோம்.”

போனை வைத்தபிறகு மார்வா ஜன்னலோரம் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம்தான். ஆனால் அவள் நினைத்தது போஸ்டரை அல்ல. லீட்ஸ் என்றதுமே ஆல்தியாவை நினைத்துவிட்டாள். அம்மா அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. இந்தப் பூமியில் அவளைச் சின்னப் பெண்ணிலிருந்து தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அந்த அக்கா ஒரே ஒரு தடவை தன்னைத் தனியாகக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு, ஆமாம், இது மார்வா என்று சொல்ல வேண்டும். அது கிடைத்தால் போதும் என்றிருந்தது. வேறு யார் சொன்னாலும் அது கணக்கில் சேராது. உடனே போன் செய்தாள்.

“மேடையில பாடறியா? அது எப்பவும் செய்யறதுதானே” என்றாள் ஆல்தியா.

“இல்ல, இது தனியா. முன்னாடி நின்னு.”

“முன்னாடியா? நீயா?”

“நான்தான். ஏன், முன்னாடி நின்னா மேடை சாஞ்சிடுமா?”

“ஞாயித்துக்கிழமை இல்லியே?”

“சனிக்கிழமை. மதியம் மூணு மணி. டவுன் ஹால்ல.”

“அங்க சாராயம் விப்பாங்க.”

“வெளியில விப்பாங்க. யாரும் உன் வாயில ஊத்த மாட்டாங்க.”

“வாயைக் குறைடி” என்றாள் ஆல்தியா. “டவுன் ஹால்னா பரவாயில்ல. எங்க சர்ச் கொயரே அங்க பாடியிருக்கு. வரேன். ஆனா உன்னோட அந்தப் பாட்டுக்கு மட்டும்தான் உள்ள வருவேன்.”

மார்வாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கே பயிற்சியைத் தொடங்கினாள். அடுப்படியில் நின்று ரெக்கார்டைப் போடாமல் வாயைத் திறந்தாள். வந்தது மூன்றாவது குரல். மறுபடி திறந்தாள். மறுபடியும் அதேதான். முப்பத்தோரு வருடத்தில் இந்தப் பாட்டை ஆயிரக்கணக்கான தடவை பாடியிருக்கிறாள், மெட்டை ஒரு தடவைகூடப் பாடியதில்லை. தனக்கே சிரிப்பு வந்தது. அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுகிறவள் மாதிரி மெட்டைத் துழாவித் துழாவி, மூன்று வாரத்தில் ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒத்திகை வெள்ளிக்கிழமை. பியானோவில் அதே கோர்டன். டைனாவோடு இருபது வருடம் வாசித்தவர்.

“சுருதி எதுல வைக்கட்டும்?” என்று கேட்டார்.

“எந்தச் சுருதி?”

“உன் சுருதிம்மா. உன் குரலுக்கு எது சௌகரியமோ அது. ரெண்டு கட்டை ஏத்தணும்னாலும் ஏத்தறேன்.”

இந்தக் கேள்வியை மார்வாவிடம் யாரும் கேட்டதில்லை. முன்னால் நிற்பவளுக்குத்தான் சுருதி. பின்னால் இருப்பவர்கள் கொடுத்த இடத்தில் பாட வேண்டும். பதில் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சற்றுத் தள்ளி அந்த மூன்று பெண்களும் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டைனா சுருதியே இருக்கட்டும்” என்றாள்.

கோர்டன் புருவத்தைத் தூக்கினார். “அவளுக்குக் கட்டைக் குரல். உனக்குக் கீழ கிடக்குமே.”

“பரவால்ல. பழகினதுதான்.”

அவர் தொடங்கினார். முன்னிசை எட்டு எண்ணிக்கை. அது முடிந்தது. மார்வா பாடவில்லை. கோர்டன் மறுபடி அந்த எட்டை வாசித்தார். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் தடவை அவர் கையை எடுத்துவிட்டார்.

“என்னம்மா, யாருக்காகக் காத்திருக்கே?”

அப்போதுதான் மார்வாவுக்குப் புரிந்தது. முன்னால் ஒரு தோள் உயர்வதற்காக அவள் காத்திருந்தாள். முன்னால் யாரும் இல்லை, காலி நாற்காலிகள்தான் இருந்தன. அந்த மூவரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெசியா என்ற இன்னொருத்தி அவள் விலாவில் இடித்தாள்.

அன்றைக்கு எப்படியோ ஒப்பேற்றினாள். ஆனால் மறுநாள் ஆயிரம் பேருக்கு முன்னால் இப்படி நின்றால்? ஆல்தியாவின் முன்னால்? யோசித்து யோசித்து, திருட்டுத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். மேடையில் தனக்கு முன்னால் டைனா நிற்பதாக நினைத்துக்கொள்வது. மஞ்சள் முடி, வெள்ளி ஜரிகை உடுப்பு, இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்தத் தோள் உயரும்போது தானும் மூச்சு எடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

சனிக்கிழமை மதியம் ஹால் நிரம்பியிருந்தது. ஆறாவது வரிசையின் ஓரத்தில் நீலத் தொப்பியும் கையுறையுமாக ஆல்தியா வந்து உட்கார்ந்ததை மார்வா திரை இடுக்கில் பார்த்தாள். பெயரைச் சொன்னார்கள். மார்வா லிபர்ட். மார்த்தா இல்லை. கைதட்டினார்கள். அவள் போய் மைக்கின் முன்னால் நின்று டைனாவை நினைத்துக்கொண்டாள். டைனா சொன்னபடி வந்து நின்றாள். எட்டு எண்ணிக்கை. தோள் உயர்ந்தது.

தவறே இல்லாமல் பாடினாள். டைனா எங்கே திறப்பாளோ அங்கே திறந்தாள். டைனா எங்கே குரலைக் கரகரவென்று உடைப்பாளோ அங்கே அவள் குரலும் உடைந்தது. பார்ன்ஸ்லிக்காரர்கள் இழுக்கிற இழுப்புகூட வந்து ஒட்டிக்கொண்டது. முதல் வரிசையில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டாவது சரணம் வந்தது. எல்லாக் குரல்களும் ஏறின. அப்போது முதுகுக்குப் பின்னால், இடது ஓரத்திலிருந்து, ஒரு குரல் கீழே இறங்கியது. மூன்று சுரம், மெதுவாக.

மார்வாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கெசியாதான். ரெக்கார்டைக் கேட்டு அட்சரம் பிசகாமல் பிடித்திருக்கிறாள். முப்பத்தோரு வருடமாக மார்வா அந்த இடத்துக்கு உள்ளேயே இருந்தவள். வெளியில் நின்று, ஒரு ஹாலில், முதுகில் படும்படி அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள். உடனே வயிறு எரிந்தது. அங்கே ஓடிப்போய் நிற்க வேண்டும் போலிருந்தது. ஆனால் வாய் டைனாவின் வரியைப் பாடிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியாது.

பாட்டு முடிந்ததும் ஹாலே எழுந்து நின்றது. உள்ளே வந்து கையைப் பிடித்தவர்கள் ஒன்பது பேராவது இருக்கும். ஒரு கிழவர் கையை விடவே இல்லை.

“கண்ணை மூடிக்கிட்டேம்மா. டைனாவே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு” என்றார்.

மற்ற எட்டுப் பேரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். ஆக்ராய்ட் ஆனந்தக் கூத்தாடினார். “நாப்பது ஊர் போகலாம். டைனா ஃப்ரெய்னின் குரல்னு போஸ்டர் அடிக்கிறேன். செவ்வாக்கிழமை போன் பண்றேன்” என்றார். மார்வா சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்க நின்றாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று காலியாகிக்கொண்டே போனது.

ஆல்தியா மார்வாவைப் பஸ்ஸில் சேப்பல்டவுனுக்குக் கூட்டிப்போனாள். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, நெவிஸ்காரர்கள் வைக்கிற ஆட்டுக்கறிச் சாற்றைச் சூடு பண்ணி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஜெபம் சொன்னாள். மார்வா ஸ்பூனால் சாற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருந்துச்சுன்னு சொல்லவே இல்லியே” என்றாள் கடைசியில்.

“நல்லா இருந்துச்சு. கடையில போடறாங்கல்ல அந்தப் பாட்டு, அச்சு அசலா அப்படியே இருந்துச்சு.” ஆல்தியா எலும்பை ஒதுக்கி வைத்தாள். “அந்த வெள்ளைக்காரிதான் நின்னு பாடறாளோன்னு நினைச்சேன்.”

“ஓ.”

“நான் உன்னைக் கேக்க வந்தேன்.”

மார்வா ஸ்பூனைக் கீழே வைத்தாள். முகத்தில் அடித்தாற்போல் பேசுவது ஆல்தியாவுக்குப் பிறவிக் குணம். அதற்காகக் கோபித்துக்கொண்டும் பிரயோஜனமில்லை.

“பின்னாடி மூணு பொண்ணுங்க நின்னாங்களே, அதுல ஓரமா ஒரு ஒல்லிப் பொண்ணு” என்றாள் ஆல்தியா. “நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் மேல போறாங்க. அவ மட்டும் கீழ எறங்கினா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாம பாத்திரம் கழுவிக்கிட்டே பாடுவோமே, அப்ப நீ அப்படித்தான் பண்ணுவே. நான் மேல போனா நீ வேணும்னே கீழ போவே. பாட்டைக் கெடுக்காதடின்னு அம்மா கத்துவாங்க.”

“அது நான்தான், ஆல்தியா. அந்த இடம். ரெக்கார்டுல அதைப் பண்ணினது நான்தான். அந்தப் பொண்ணு என்னைக் கேட்டுக் கத்துக்கிட்டது.”

“எனக்குத் தெரியாதா? கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு. அதான் கேக்கறேன். அதை அவகிட்ட குடுத்துட்டு நீ எங்கடி போய் நின்னே?”

மார்வா அழுதாள். அக்காவின் முன்னால் அவள் அழுது நாற்பது வருடம் ஆகியிருக்கும். ஆல்தியா தேற்றவில்லை, எழுந்து போய்ச் சாற்றை மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, சொன்னபடி ஆக்ராய்ட் கூப்பிட்டார். அக்டோபரில் தொடங்கி நாற்பது ஊர். டைனா உடுத்திய மாதிரியே வெள்ளி ஜரிகை உடுப்பு.

“நான் வரேன்” என்றாள் மார்வா. “ஆனா முன்னாடி வேணாம். பின்னாடி மூணாவது குரல் குடுங்க.”

ஆக்ராய்ட் சிரித்தார். சிரித்துவிட்டு, அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். “என்னம்மா இது. பின்னாடி யாராவது கேட்டு வாங்குவாங்களா? உங்கள மாதிரி டைனாவைப் பாட வேற ஆளு யாரு இருக்கா?”

“உங்களுக்கு டைனா வேணும்னா ரெக்கார்டு இருக்கு. எனக்கு அந்த மூணாவது குரல்தான் வேணும்.”

“அதுக்கு கெசியாவைப் போட்டாச்சே. காலேஜ் முடிச்சதும் முதல் வேலை, துள்ளிக் குதிக்கிறா.” கொஞ்சம் தயங்கினார். “உங்களுக்கு அவ்வளவு வேணும்னா சொல்லுங்க. அவளை எடுத்துடறேன். ஒரு போன்தான்.”

எடுத்துவிடுங்கள் என்ற வார்த்தை மார்வாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பெண் தன் தோழியின் விலாவில் இடித்தது ஞாபகம் வந்தது. அந்த மூன்று சுரம் இறங்கிய விதமும் ஞாபகம் வந்தது. குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

“வேணாம். அவ இருக்கட்டும்” என்றாள்.

“அப்ப நீங்க?”

“நான் இல்ல.”

போனை வைத்தாள். முன்னால் இருப்பது டைனாவின் இடம். பின்னால் இருந்தது இனிமேல் கெசியாவின் இடம். மார்வா நிற்பதற்கென்று மேடையில் எந்த மூலையும் பாக்கி இல்லை. எல்லாம் அவளே விட்டுக்கொடுத்தது, யாரைக் குற்றம் சொல்வது? அன்றும் மறுநாளும் அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆள் இருந்தால்தானே.

வியாழக்கிழமை மதியம் ஆல்தியா கூப்பிட்டாள். பிறந்த நாளும் இல்லை, ஒன்றும் இல்லை. யாராவது இறந்துவிட்டார்களோ என்றுதான் மார்வா முதலில் பயந்தாள்.

“யாரும் சாகல. அந்த ஆளு போன் பண்ணினானா?”

“பண்ணினான். பின்னாடி நிக்கறேன்னு கேட்டேன். ஆள் இருக்காம்.”

“அந்த ஒல்லிப் பொண்ணா?”

“ஆமா. எடுத்துடவான்னு கேட்டான். வேணாம்னுட்டேன்.”

மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. “சரி, இப்ப பாடு” என்றாள் ஆல்தியா.

“என்னது?”

“போன்லதான். நான் உக்காந்துட்டேன். உன்னோடதைப் பாடு. அந்த வெள்ளைக்காரியோடது வேணாம்.”

“மெட்டு இல்லாம அது நல்லா இருக்காது. நடுவுல நடுவுல வெறும் இடம் வரும்.”

“வரட்டும்.”

மார்வா அடுப்படி ஜன்னலோரம் நின்றுகொண்டாள். தோள் எதுவும் நினைவுக்கு வருமுன் சட்டென்று தொடங்கிவிட்டாள். “ஊ” என்று நான்கு எண்ணிக்கை. பிறகு எட்டு எண்ணிக்கை ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“மார்வா? லைன் போச்சா?”

“இல்ல. இங்க அவ பாடணும்.”

“ஓ. சரி.”

மறுபடி “ஊ”. மறுபடி வெறும் இடம். இந்தத் தடவை ஆல்தியா கேட்கவில்லை. அவள் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது சரணம் வந்தது. மேலே ஏறுவதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை. மார்வா தனியாகக் கீழே இறங்கினாள். துணையில்லாமல் அந்த மூன்று சுரமும் மெலிந்து, ஏதோ பாதியில் விட்ட பேச்சு மாதிரி கேட்டது. கடைசிச் சுரத்தில் குரல் நடுங்கியது. வயதான குரல். இவ்வளவு வயதாகிவிட்டது என்று அவளுக்கே இன்றுதான் தெரிந்தது. ஆனால் அது வேறு யாருடைய குரலும் இல்லை.

நின்றாள். அந்த வரி அங்கே முடிந்தது.

“முடிஞ்சுதா?” என்றாள் ஆல்தியா.

“இல்ல. இங்க பன்னண்டு எண்ணிக்கை சும்மா இருக்கணும். அப்புறம் இன்னும் ஒரு வரி இருக்கு.”

“சரி. எண்ணு” என்றாள் ஆல்தியா. “நான் வைக்க மாட்டேன்.”

மார்வா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எண்ணினாள்.